குவாரித் தண்ணீரில் நீச்சல்

வேலைக்குக் கிளம்பிய தேவயானி, காய்ச்சலில் படுத்திருந்த கணவன் வசந்த்குமாருக்குச் சீட்டு எழுதி, கஞ்சிச் சொம்பின் அடியில் வைத்தாள்.

"நீச்சல் வீரருக்கு,

கஞ்சி கீது, சூடு பண்ணிக் குடிங்க. 'குவாரித் தண்ணி கண்ணாடி மாதிரி கீது, இன்னா ஆயிடும்'னு கால்ல காயத்தோட குதிச்சீங்க. அதுல மூத்திரம் போக எலிங்க உங்ககிட்ட பர்மிஷன் கேக்கல போல. டாக்டரம்மா எலிக்காய்ச்சல்னு சந்தேகப்படுறாங்க. கெண்டைக்கால் வலிக்குத் தைலம் தடவிக்கினு வீரம் பேசாதீங்க. என் தம்பி மோகன் வண்டியோட வருவான். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த டெஸ்ட் எடுத்துக்கினு வாங்க."

அடியில் பொடி எழுத்தில்: "ராத்திரி நான் பேசாதது கோவத்தால இல்ல. உங்க கண்ணு செவந்து கெடந்துச்சு, பயந்துட்டேன்."

வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கிளம்புமுன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள், வேனை அனுப்பிவிட்டு, அவனைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.