சுருதி சேர்க்கிறார்களாம்!

தை 12, ஞாயிறு.

என் தம்பி மகள் கயல் இன்றைக்குச் சென்னையில் எழுபது பேர் வாசிக்கிற கச்சேரியில் நடுநாயகமாக ஹார்ப் வாசித்தாள். அதை டிவியில் பார்க்க எங்கள் பிளாக்கையே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஹார்ப்புக்கு நாற்பத்தேழு கம்பி. நான் நானூறு என்றேன். ஆள் உயர வாத்தியம், நாலைந்து கூட்டிச் சொன்னால் குற்றமா?

கடல்மேல் பனி இறங்குகிற மாதிரி இசை. மெல்ல வந்து மெல்லவே அடங்கியது. அங்கே எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். இங்கே சுரங்கத்தில் வேலை பார்க்கிற பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்வராசு கேட்கிறான்: "இவ்ளோ நேரம் சுருதிதான் சேத்துகினு இருந்தாங்களாண்ணே? எப்பதான் ஆரம்பிப்பாங்க?"

வீடே சிரித்தது. கயல் விரலில் கொப்புளம் வரப் பழகின பிள்ளை! "மைன்ஸ் மெஷின் இரைச்சல்ல செத்த காதுடா உனக்கு" என்று போட்டேன் ஒரு போடு. டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

பிறகு கயலே போன் பண்ணினாள்.

"பெரியப்பா, எந்த இடம் பிடிச்சுது?"

"சுருதி சேத்து முடிச்சதும் ஆரம்பிச்சியே, அந்த இடம்மா! அடடா!"

"சுருதியா? அது மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சேத்தாச்சே பெரியப்பா."

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். அந்தச் செல்வராசு மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா?