தவக்காலத்தில் நிறுத்தி வைத்த தபால்

இயேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை,
பெரிய வியாழன்

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். தவக்காலம் முழுக்க உங்கள் மடத்தில் யாருக்கும் கடிதம் தரமாட்டார்கள் என்பதால், ஈஸ்டர் கழித்து உன் கைக்கு வருகிற மாதிரி இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணன் லியோவுக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூங்குகிறான். முந்திரி இந்த வருஷம் சுமார்தான்.

உனக்குக் கடிதம் நின்றால் நம் வீட்டுக்கும் தபால் வேண்டாம் என்று சாம்பல் புதனன்றே அப்பா முடிவு செய்துவிட்டார். தபால் கொண்டுவரும் மலர்க்கொடியிடம், ஈஸ்டர் வரைக்கும் எது வந்தாலும் ஆபீஸ்லயே வெச்சிரும்மா, வண்டிச் சத்தம் கேட்டா இவ வாசலுக்கு ஓடுறா என்றார். ஓடுவது யார் என்று அவளுக்குத் தெரியாதா, சிரித்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அப்பா காபி டம்ளரைக் கீழே போட்டார். நான் திட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, வலது கை எழவில்லை. லியோ கார் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். லேசான வாதம், சீக்கிரம் வந்ததால் தப்பித்தார் என்றார் டாக்டர். இப்போது பேச்சு வந்துவிட்டது, நடக்கிறார், கைதான் இன்னும் சரியாகவில்லை. உங்கள் மதருக்குப் போன் போடலாம் என்றான் லியோ, எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இவர் குழறிய வாயோடு, வேணாம்டா, புள்ள நோன்புல இருக்கு, கெடுக்காத என்றார். எனக்குக் கோபமான கோபம். ஆனால் உன் வாத்தியார் அப்பா சொன்ன பிறகு வீட்டில் மறுபேச்சு ஏது. மறைத்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டால் அவரிடம் படு, என்னிடம் வேண்டாம்.

கையால் அமுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த பந்து மூலையில் கிடக்கிறது. இவர் ஒரு சிலேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மலர்க்கொடி தெருவில் வருகிற நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்து எழுதிப் பழகுகிறார். எப்போதும் உனக்குக் கடிதம் நான் எழுதினாலும் விலாசம் அவர்தானே எழுதுவார், என் எழுத்துக்குத் தபால் போய்ச்சேராது என்று அவருக்கு நினைப்பு. இந்தக் கடிதத்துக்கும் விலாசம் தான்தான் எழுதுவேன் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். லியோ பேனாவை எடுத்தாலே முறைக்கிறார். கை வராவிட்டால் மனுஷன் உடைந்துபோவாரே என்று எனக்குப் பயம்.

நோன்பு முடிந்த பிறகும் பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. பதிலை அப்பா பெயருக்கே போடு. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உனக்காகச் செபமாலை சொல்லும் அம்மா,
அமலோற்பவமேரி

பி.கு. உறையைப் பார்த்து ஏதோ சின்னப்பிள்ளை கிறுக்கியது என்று நினைத்திருப்பாய். அப்பாதான். உறைகள் சில வீணாயின. பின்கோடு கட்டத்துக்குள் அடங்கவில்லை, அதை மட்டும் நான் எழுதினேன். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே.