அப்பாவின் வழித்தேர்வுக் குழு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. குதிகாலில் ஒரு கொப்புளம் தவிர நான் சுகம். ஆபரேஷன் செய்த இடத்தில் உனக்கு இப்போது வலி இல்லைதானே? கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல்.

நீ பிழைத்து எழுந்தால் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். நீ எழுந்து, வேலைக்குப் போய், வேலையும் மாறிவிட்டாய். அவர் இன்னும் எந்த வழியாக நடப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு குழு வேறு, கூட்டம் நம் முன்னறையில். கடலோர வழியில் நிழல் இல்லை என்றார் தையல்காரர். மலை வழியில் ஆஸ்பத்திரி இல்லை என்றார் மருந்துக்கடைக்காரர். நெடுஞ்சாலையில் போனால் லாரிக்காரனே நம்மை நேராகச் சாமியிடம் சேர்த்துவிடுவான் என்றார் உன் சித்தப்பா. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அப்பா சிவப்பு மையால் கோடு போடுவார், சித்தப்பா பச்சை மையால் அதை அடிப்பார், நான் டீ போடுவேன். புது ஷூவைப் பழக்குகிறேன் என்று படுக்கையறையிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை தினமும் நடை. போகும்போது முகத்தில் பக்தி, திரும்பும்போது கையில் கேக்.

கடைசியில் பெரிய சண்டை வந்தது, வழியைப் பற்றி இல்லை, குழுவுக்கு யார் தலைவர் என்று. சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்த் தனிக்குழு ஆரம்பித்தார். அதில் அவர் ஒருவர்தான், ஆனால் தலைவர். அன்றைக்கு என்னோடு தம்ளர் கழுவிக்கொண்டிருந்த தையல்காரர் மனைவி, "வேண்டிக்கிட்டது யாரா இருந்தா என்னக்கா, நாம போய்ட்டு வந்துடலாமே" என்றாள். மறுநாள் விடிந்ததும் ஆளுக்கொரு பையோடு கிளம்பிவிட்டோம். எந்த வழி என்கிறாயா? முன்னால் ஒரு கூட்டம் போனது, அதன் பின்னால்.

அப்பா போன் செய்து எந்த வழியில போறே என்று கத்தினார். தெரியாது என்றேன். தெரியாம எப்படி நடக்கிறே என்றார். காலாலதான் என்றேன். வைத்துவிட்டார்.

நேற்று மறுபடி போன் செய்து ஊரைக் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலில் திட்டு. பிறகு என் குதிகாலைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மருந்து வைத்துக் கட்டினார். தலையை நிமிர்த்தாமலே, "பாதியில என்னால முடியாமப் போச்சுன்னா, நம்ம குழந்தைக்குக் கொடுத்த உயிரைச் சாமி திரும்ப எடுத்துக்குமோன்னு பயமா இருந்துச்சு" என்றார். சோம்பேறித்தனம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இன்று காலையிலிருந்து அவரும் நடக்கிறார். நான் மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுத, அவர் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் குறுக்கு வழி உண்டா என்று விசாரிக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் வாழவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காதே, வீடு திரும்ப எந்த வழி நல்லது என்று அப்பா உன்னைப் போனில் கேட்பார். பஸ் என்று மட்டும் சொல்.

உன் அம்மா,
நடைக்கு நடுவில்