ஓடுகிறவனுக்கு ஒரு நியாயம்

ராயபுரம், சென்னை
3 மார்ச் 1946

அன்புத் தங்கை இன்பராணிக்கு,

ஜெயித்துவிட்டான்! நம் வெள்ளத்துரை ஜெயித்துவிட்டான்! எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நேற்று மாகாணப் போட்டியில் நூறு கஜ ஓட்டம். பட்டாளத்துக்காரர்களும் போலீஸ்காரர்களும் ஆணி வைத்த பூட்ஸோடு வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் நம் பையன், திருச்சுழிக் கரிசல்காட்டில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவன். துப்பாக்கி வெடித்தது. கண்ணைச் சிமிட்டித் திறக்கிறேன், கயிற்றை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறான்! ஓட்டப்பந்தயச் சங்கத்துக் காரியதரிசி என்பதை மறந்து நான் கம்பியைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்துவிட்டேன். வேட்டி கிழிந்தது.

48-ல் லண்டனில் ஒலிம்பிக் நடக்கப்போகிறதாம். போட்டி நடத்திய துரை அவன் தோளைத் தட்டி, நீ அங்கே இருக்க வேண்டியவன் என்றார். நம் மிஷன் பள்ளிக்கூட மைதானத்தில் நான் தேடிப் பிடித்த பையன், இன்பா! அம்மாவிடம் சொல். ஊரில் வரவேற்பு பலமாக இருக்க வேண்டும். எனக்கு ஆபீஸில் லீவு கிடையாது. நீதான் என் இடத்தில் நிற்க வேண்டும்.

உன் அண்ணன்
ஜெபதுரை


பாளையம்பட்டி
14 மார்ச் 1946

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று வகுப்பிலும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பெரிய டீச்சர் ஓடி வந்துவிட்டார்கள்! 23-ஆம் தேதி சனிக்கிழமை வரவேற்பு. அருப்புக்கோட்டையில் பஞ்சு மில் முதலாளி சோலைச்சாமி தன் காரையே ஊர்வலத்துக்குக் கொடுக்கிறார். முதல் மாலை நான் போட வேண்டுமாம். "ஒங்க அண்ணன் வளத்த குதிரைல்லா, நீதாம் போடணும்" என்று தெருவில் போகிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். அம்மா உங்களுக்குச் சீரணி மிட்டாய் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறாள். சென்னை போய்ச் சேருவதற்குள் எறும்புதான் தின்னும் என்று சொல்லிவிட்டேன்.

இன்பராணி


பாளையம்பட்டி
25 மார்ச் 1946

அண்ணனுக்கு,

தந்தி பார்த்திருப்பீர்கள். தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

மாலை போட்டேன். மத்தளம், வெடி, எல்லாம் நடந்தது. பிறகு முதலாளி பங்களாவில் விருந்து. நான் நாலு மணிக்கே கிளம்பி நடந்து வந்துவிட்டேன். நம் ஊருக்குப் பிரியும் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து கார் சத்தம் கேட்டது. ஓரமாய் ஒதுங்கினேன். எனக்கு முன்னால் ஒரு பெண் பருத்தி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவளும் ஒதுங்கித்தான் போனாள் அண்ணா. அவள் பாதையில் இல்லை. கார்தான் பாதையை விட்டு அவளிடம் போனது.

ஓடிப்போய் அவளை மடியில் எடுத்தேன். ரெட்டியபட்டி மொக்கையன் பெண்சாதி சந்தனம்மாள். பருத்தி ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. "பருத்திய அள்ளுங்கத்தா, காத்துல போயிரும்" என்றாள். அதோடு உயிர் போய்விட்டது.

முதலாளி காரை ஓட்டியது வெள்ளத்துரை தம்பி. இறங்கியவனுக்குக் கால் நிற்கவில்லை. மாகாணத்தையே ஜெயித்த அந்தக் கால்! என் காலருகே உட்கார்ந்து, "அக்கா, நான் பாக்கலக்கா, சத்தியமாப் பாக்கலக்கா" என்று அழுதான். பிராந்தி வாடை குப்பென்று அடித்தது. நான் போட்ட மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது.

இன்பா


ராயபுரம்
2 ஏப்ரல் 1946

என் கண்ணான இன்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போகவில்லை. கடற்கரையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்காக நானும் ஜெபித்தேன்.

ஆனால் யோசித்துப் பார். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் குடித்துப் பழகியவன் இல்லை. விருந்தில் ஊற்றிக் கொடுத்தவர்கள் பெரிய மனிதர்கள். இரண்டு வருடம் உள்ளே போட்டால் லண்டன் போயிற்று. ஓட்டக்காரனின் கால் ஜெயிலிலிருந்து திரும்பி வராது, இன்பா. அவனை அழித்தால் செத்தவள் எழுந்து வருவாளா?

வக்கீலைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்து பார்த்த சாட்சி நீ ஒருத்திதான். நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம். குடித்திருந்தானா என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல். அந்த ஒரு வார்த்தை போதும். அண்ணன் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

ஜெபதுரை


பாளையம்பட்டி
18 ஜூன் 1946

அண்ணனுக்கு,

இன்று கூண்டில் ஏறினேன். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். நான் நடந்து போகும்போது, "நம்ம டீச்சரு, நம்ம டீச்சரு" என்று பேசிக்கொண்டார்கள். பைபிளைத் தொட்டேன். சர்க்கார் வக்கீல் கேட்டார். "தெரியவில்லை" என்றேன்.

நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். மொக்கையன் கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்சாதியை மடியில் தாங்கியவள் என்ற நன்றி.

இன்பராணி


ராயபுரம்
24 ஜூன் 1946

ராஜாத்தி இன்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! தந்தி வந்தபோது சங்கத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று வாசித்தேன்! இருநூறு ரூபாய் அபராதம், கோர்ட்டு கலையும் வரை காவல். அவ்வளவுதான்! மாஜிஸ்டிரேட் நல்ல ரசிகர். எல்லாம் உன்னால். அடுத்த வாரமே பயிற்சியைத் தொடங்குகிறோம். லண்டனில் அவன் ஓடும்போது அதில் பாதி ஓட்டம் உன்னுடையது. நீ ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

ஜெபதுரை


பாளையம்பட்டி
9 ஜூலை 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மொக்கையன் வந்தார். தீர்ப்பின் நகலை வாங்கி வைத்திருந்தார். படிக்கத் தெரியாது. "என்னமோ எழுதியிருக்காகளாமே, வாசிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். இங்கிலீஷில் இருந்ததை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரி வெள்ளத்துரை மாகாணத்துக்கே பெருமை தேடித்தந்த ஓட்டக்காரர். சிறையில் அடைத்தால் நாட்டுக்கு நஷ்டம். குடித்திருந்ததற்குச் சாட்சியம் இல்லை. அந்த வரியையும் என் வாயால்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. காகிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு கேட்டார்: "நல்லா ஓடுனா தண்டனை கம்மி, அப்படித்தான டீச்சரம்மா? எம் பொண்டாட்டி ஒத்தையில ரெண்டாளு பருத்தி எடுப்பா. ரெட்டியபட்டியில அவ கைக்கு எதிர்க்கை கெடையாது. அதையும் கோர்ட்டுல யாராச்சும் சொன்னாகளா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். "குடிச்சிருந்தாரு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். காறித் துப்புவார் என்று நினைத்தேன். "ஏந்தாயி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸேறி சர்க்கார் வக்கீலிடம் போனேன். நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் ஓட வேண்டும் போல இருந்தது. ரோட்டில் சிரித்துக்கொண்டே நடந்தேன், பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தண்டனை போதாது என்று சர்க்கார் ஐகோர்ட்டுக்குப் போகிறதாம். சொல்லச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நானாகத்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். பயப்பட வேண்டாம்.

வெள்ளத்துரை எனக்கும் தம்பிதான். அவன் ஓட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

இன்பராணி


பாளையம்பட்டி
11 நவம்பர் 1946

அண்ணனுக்கு,

நான்கு மாதத்தில் இது ஐந்தாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள். நீங்கள் சங்க வேலையில் அலைவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பொய்ச்சாட்சி சொன்னதற்கு ஏன் வழக்குப் போடக் கூடாது என்று 25-ஆம் தேதி வந்து பதில் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. "ஊருக்கு வந்த பேரக் கெடுத்தவ" என்று கிணற்றடியில் காதுபடவே சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதுவரை நிறுத்தவில்லை. ஐகோர்ட்டு விசாரணை அங்கேதான் நடக்கிறது. போனீர்களானால் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

இன்பராணி


ராயபுரம்
20 நவம்பர் 1946

இன்பாவுக்கு,

போனேன். நேற்று விசாரணை. உன் வாக்குமூலத்தைச் சத்தமாக வாசித்தார்கள். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நானாகத்தான் சொன்னேன் என்ற வரி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

நம் வக்கீல் பிரமாதமாகப் பேசினார். லண்டன், கொடி, பெருமை என்று அவர் பேசப் பேச எனக்கே புல்லரித்தது. ஜட்ஜு கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவருக்கு ஓடத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன தண்டனை போதும் என்று சொல்லியிருப்பீர்கள்?" வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். நானும் மனதுக்குள் பதில் தேடினேன். சத்தியமாகத் தேடினேன், இன்பா. கிடைக்கவில்லை.

ஒரு வருடம் கடுங்காவல்.

வராந்தாவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, வெளிய வந்து ஓட முடியுமாண்ணே?" என்றான். முடியும்டா என்றேன். அக்கா மேல் கோபமா என்று கேட்டேன். "இல்லண்ணே. ராத்திரி படுத்தா அந்தப் பருத்திதாங் கண்ணுக்குள்ள நிக்கிது" என்றான். அதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு இன்னமும் மனது ஆறவில்லை. ஒரு வருடம் அதிகம் என்று இப்போதும் ஒரு பக்கம் அடித்துக்கொள்கிறது. ஆனால் அது, அவன் நான் வளர்த்த பிள்ளை என்பதால் வரும் ஆற்றாமை. அந்த ஆற்றாமையைத்தான் நியாயம் என்று உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், ஏப்ரலில்.

நேற்று சாயந்தரமே சங்கத்துக்கு ராஜினாமா கொடுத்தேன். இன்று காலை சர்க்கார் வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். குடித்திருந்தானா என்று தெரியவில்லை என அந்தப் பெண்ணைச் சொல்லச் சொன்னவன் நான், அவளுடைய அண்ணன் ஜெபதுரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன். இது தெரிந்தால் ஆபீஸில் வேலை போகலாம். உன்னோடு நானும் கூண்டில் நிற்க வேண்டி வரலாம். சொன்னால் நம்பமாட்டாய், படியிறங்கும்போது எனக்கும் ஓட வேண்டும் போலத்தான் இருந்தது!

வெள்ளிக்கிழமை ரயில். விருதுநகரில் இறங்கி முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். சனிக்கிழமை ரெட்டியபட்டிக்கு மொக்கையன் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நீ வாசலில் நின்றால் போதும். உள்ளே போய் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
ஜெபதுரை