தகரக் கொட்டகையில் தொங்கிய மருந்து

மதினி,

இன்று உங்கள் வருஷத் திதி. படையல் இலை நிறைய அண்ணன் கருப்பட்டி மிட்டாய் வைத்தார். சாத்தூருக்கே போய் வாங்கிவந்தாராம். "இப்பவாச்சும் பயமில்லாமத் தின்னட்டும். அன்னைக்கு வாயக் கட்டியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து அடுக்களைக்குள் வந்துவிட்டேன்.

நொதிகள் என்னும் புரதங்களைச் சூடுபடுத்தி, எத்தனை டிகிரியில் அவை செயலிழக்கின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. முதலில் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அடியாத்தீ! சுட வச்சுக் கொல்றதுக்கா ஒனக்குச் சம்பளம்?" சட்டியில் முட்டையை உடைத்து ஊற்றிக் காட்டினேன். புரதம் சரியாக மடிந்திருந்தால்தான் வேலை செய்யும், சூட்டில் அந்த மடிப்புக் குலைந்தால் இந்த முட்டை போலத்தான், பழையபடி ஆகாது என்றேன். கரண்டியைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டீர்கள்.

சர்க்கரைக்கு மதியமும் இன்சுலின் போட டாக்டர் சொன்ன அன்று, அந்த முட்டை உங்களுக்கு நினைவிருந்தது. "ஏ தாயி, இந்த மருந்தும் அந்த மாதிரிச் சாமான்தானா? வெளிய வச்சா கெட்டுறாதா?"

செல்போனிலிருந்து நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கெடாது மதினி. ஒரு மாசம் தாங்கும்" என்றேன். முப்பது டிகிரிக்குள் இருந்தால் என்ற மறுபாதியைச் சொல்லவில்லை.

உங்கள் பட்டாசுக் கம்பெனியில், மதிய ஊசி மருந்து வைத்த பையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இருக்கும் தகரக் கொட்டகையில், ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எத்தனையோ முறை நீங்களே சொன்னதுதான். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அந்தத் தகரத்தின் கீழே மருந்து வெந்தது. எனக்கு உறைக்கவேயில்லை.

ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் திட்டினார். அண்ணன் திட்டினார். நானும்தான். "பொய் சொல்லாதீக மதினி. கள்ளத்தனமா என்னமோ திங்கிறீக."

என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஒரு துண்டு மிட்டாய் தொடல தாயி. நீயுமா நம்ப மாட்டேங்கிற?"

நான் கையை உதறிவிட்டுப் போனேன்.

காலில் வந்த புண் ஆறவேயில்லை. ஒருநாள் வேலையிலேயே மயங்கி விழுந்தீர்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உங்களோடு வேலை பார்த்த அக்கா ஒரு மதியம் கம்பெனியிலிருந்து நேரே வந்து உங்கள் பையைக் கொடுத்தார். "அங்கன ஆணியிலயே தொங்குச்சு. யாரும் தொடல" என்றார். உள்ளே கைவிட்டேன். மருந்துக் குப்பி சுட்டது. மருந்து மட்டும் தெளிந்த தண்ணீராக இருந்தது. முட்டை மாதிரி வெளுத்துக் காட்டியிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

பாவி நான், ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. உங்களைச் சாகவிட்டதோடு, பொய்க்காரியாகவும் ஆக்கிவைத்திருக்கிறேன். நாக்கு ருசிக்கு உயிரை விட்டவள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கொல்லையில் அவர் மிட்டாயைப் பிட்டுப் போட்டுக் காக்கையைக் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. அந்தக் குப்பி இதோ என் கையில் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன். அவர் என்னை என்ன சொன்னாலும் சரி.

நீங்கள் ஒரு துண்டும் தொடவில்லை மதினி.