காருக்குள் முளைத்த நாற்று

மாப்ளே,

மூன்று நாள் ஐப்பசி மழை விட்டு இன்றுதான் வெயில் முகம் காட்டியது. என் களத்தில் நிற்கும் உன் காரின் உறையை விலக்கினேன். ஈரத் துணியும் பழைய ரெக்சினும் கலந்த ஒரு வாடை வந்தது. அது மூக்கில் ஏறினாலே எனக்கு உன் ஞாபகம்தான்.

சென்னையில் பழசாக வாங்கி நீயே ஓட்டி வந்த அன்று ஒரத்தநாட்டுக் கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டே சீட்டு, கான்வாஸ் கூரை, ஃபைபர் உடம்பு. முன்பக்கத்தை ஆட்டிப் பார்த்து, "என்னடா இது, தவிட்டு மூட்டை கனம்கூட இல்ல" என்றேன். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்டா இருக்கும்!"

உங்கள் சந்துக்குள் பைக்தான் போகும். என் கொட்டகையில் டிராக்டர். அதனால் திறந்த களத்திலேயே நிறுத்தினோம். பக்கத்தில் நின்ற உன் மனைவியைக் காட்டி, "அடுத்த லீவுல இவள பூம்புகாருக்கு இதுலதான் கூட்டிட்டுப் போவேன். பத்திரமா பாத்துக்க" என்று சொல்லிவிட்டு துபாய்க்குப் போனாய்.

என் புத்திக்கு எட்டிய மட்டும் பார்த்துக்கொண்டேன். புயல் வருகிறது என்றதும், இந்தக் கனத்துக்குக் காற்று தூக்கிவிடுமோ என்று பயம். பாரத்துக்கு இரண்டு சீட்டிலும் நெல் மூட்டை ஏற்றினேன். மேலே தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். கார் அசையவில்லை. அந்தப் பெருமையில் பிறகு கட்டை அவிழ்க்கவே இல்லை. கான்வாஸ் கூரை ஒழுகியிருக்கும் என்று தோன்றவில்லை. ஈர நெல்லைத் தார்ப்பாய்க்குள் பூட்டக்கூடாது என்று ஊருக்கே சொல்கிறவன் நான். காருக்குள் இருப்பதும் நெல்தான் என்பது மறந்துபோனது. போனில் நீ கேட்டபோதெல்லாம் "ஜம்முனு இருக்கு" என்றேன்.

லீவில் வந்து நீதான் அவிழ்த்தாய். எலி மூட்டையைப் பிரித்து, வயரையெல்லாம் கடித்துப் போட்டிருந்தது. காலடியில் சிந்திய நெல் முளைத்து, வெளுத்துப்போய் விரல் நீளம் நின்றது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "நாத்து தயாரா இருக்கே மாப்ளே, நடவு எப்ப?" என்று சிரித்தாய்.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் டீ குடிக்கும்போது, "பூம்புகாருக்கு எப்ப போறோம்?" என்று உன்னிடம் தங்கச்சி கேட்டாள். நீ என் பக்கம் திரும்பாமலே, "இந்த லீவுல வேலை நெறைய இருக்கு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாய். என் மானத்தைக் காப்பாற்றினாய். நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. துபாயிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். அடக்கமும் அங்கேயே.

இப்போது மூங்கிலை வளைத்துக் கட்டி அதன்மேல் துணி உறை போட்டிருக்கிறேன். காருக்கும் உறைக்கும் நடுவே காற்று ஓடுகிறது. தரையில் முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறேன், பாரம் எதுவும் ஏற்றுவதில்லை. வயரிங்கும் புதுசு.

போன வாரம், மழைக்கு முன்னால், உன் மகள் அம்மாவை இதில் பூம்புகாருக்குக் கூட்டிப்போய் வந்தாள். இறங்கும்போது தங்கச்சி சொன்னாள்: "ஒரு நாள் என்கூட வர்றதுக்கு அவருக்கு நேரமில்லாமப் போச்சேண்ணே."

என்னால் தாங்க முடியவில்லை. நெல் மூட்டையிலிருந்து நாற்று வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவனுக்கு அப்ப வேலையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமத்தான் அப்படிச் சொன்னான்."

நாற்று என்றதும் முதலில் சிரித்தாள். பிறகு, "அந்தக் கோவத்துலதான்ணே, அவரு துபாய்க்குக் கிளம்பறப்ப நான் ரூம விட்டு வெளியவே வரல" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நீ கிளம்பிய அன்று திருச்சி ஏர்போர்ட் வரை நானும் உன்னோடு வந்தேன். வழியெல்லாம் நீ பேசவே இல்லை. ஊரைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, நான் உனக்கு ஆறுதல் சொன்னேன் மாப்ளே.