தம்பி சாகல

என் அறை முழுக்க இப்போது ஸ்ட்ராபெரி வாசனை. மூன்று வாரத்துக்கு முன் உன் வீட்டுக்காரர் உன் புத்தகங்களைப் பழம் அடுக்குகிற அட்டைப்பெட்டிகளில் போட்டு, லோரியில் ஏற்றிவந்து என் வாசலில் இறக்கினார். "வீட்டிலே வெச்சிருந்தா பூஞ்சை புடிக்குதும்மா. உன்கிட்ட இருக்கட்டும்" என்றார். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. கியா பார்மில் இருந்த உன் பழக்கடையில் பழம் தொட்ட கையோடுதான் நீ பக்கம் புரட்டுவாய். நான் திட்டினால் காதில் வாங்கமாட்டாய். பல பக்கங்களில் உன் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்புக் கறை அப்படியே இருக்கிறது.

பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிங்கப்பூர் நாவல். எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், ஊரைவிட்டு ஓடிப்போன தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக் கதவைத் தள்ளுகிற வரிக்குப் பக்கத்தில், பென்சிலில் உன் கோணல் எழுத்து: "தம்பி சாகல. கள்ளி!"

கள்ளி என்று நீ எழுதியிருப்பது என்னைத்தான். அதைப் படித்த அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்த நாவலை நீ கடைசிவரை படிக்கவேயில்லை என்றுதான் நான் ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உன்மீது எப்போதும் பொறாமை. ஒரே தோட்டத் தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வளர்ந்து தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஆனேன். நீ கல்யாணம் கட்டி மலைக்கு மேலே போய், கியா பார்மில் ரோட்டோரம் பழக்கடை போட்டாய். என்னிடம் சம்பளக் கடுதாசிக்கு வருகிறவர்கள்கூட, "ஒங்க கூட்டாளி எப்படிம்மா இருக்கு?" என்று உன்னைத்தான் விசாரிப்பார்கள்.

நாம் நடத்திய வாசகர் சந்திப்பும் உன் கடையில்தான் தொடங்கியது. ஈப்போவிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு பெரியவர் உன்னிடம் பழம் வாங்கினார். நான் உனக்கு இரவல் கொடுத்திருந்த நாவலின் பின்னட்டையில் பார்த்த முகம் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். "ஐயா, ஞாயித்துக்கிழமை ரிங்லெட்லே வந்து பேசறீங்களா?" என்று நின்ற இடத்திலேயே கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கீழே ரிங்லெட் டவுனில் நமக்குத் தெரிந்த பாய் ஒருவரின் கடை மாடி காலியாகக் கிடந்தது. பாய், "எடுத்துக்கம்மா, கூட்டிப் பெருக்கிட்டுப் போங்க, போதும்" என்றார்.

முதல் சந்திப்பில் கேள்வி கேட்கவேண்டியவள் நான். அது உனக்கு ஞாபகம் இருக்கும். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்று, "ஐயாவின் அருமையான நாவலான" என்று தொடங்கி, அவருக்குச் சுத்தமாக ஆகாத இன்னொரு எழுத்தாளரின் நாவல் பெயரைச் சொல்லிவிட்டேன். பெரியவர் முகம் கறுத்துவிட்டது. யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நான் நோட்டுப்புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நின்றேன். நீ பக்கத்தில் வந்து நோட்டுப்புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாய்.

"ஐயா, பயத்துல சொல்லிட்டா. உங்க புத்தகத்த ரெண்டு தடவ படிச்சது இந்த ஊர்லே இவ ஒருத்திதான். நான் கேக்கட்டுமா?"

பெரியவர் குளிர்ந்துவிட்டார். அன்று தொடங்கியது. மூன்று வருடம் மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. நான் நாவலை இரண்டு தடவை படித்துக் கேள்விகளை நோட்டில் எழுதித் தருவேன். நீ முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, மீதிக் கதையை வேனில் வரும்போது என்னிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து பேசுவாய். மழை பிடித்து ஜிங்க் தகரக் கூரை அதிர்ந்தால் எழுத்தாளர்களின் குரல் ஒருவருக்கும் கேட்காது. உன் குரல் மட்டும் கேட்கும். நான் பின்னால் நின்று தே தாரிக் டீ கிளாஸ்களை நீட்டிக்கொண்டிருப்பேன்.

"இந்தக் கேள்விய என்கிட்ட யாருமே கேட்டதில்லை" என்று எத்தனை எழுத்தாளர்கள் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! நீ தலையைச் சாய்த்துச் சிரிப்பாய். அந்த ஒரு சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்து வெந்துகொண்டிருப்பேன். ஒருமுறை வாய்விட்டே சொன்னேன். "நீதானே மேடைக்கு வரமாட்டேன்னு சொன்னே. நான் வேணாம்னா சொன்னேன்?" என்று கேட்டாய். நீ சொன்னது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

புத்தகப் பரிந்துரையிலும் அதே கதை. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாளரிடமும், "எங்க மலைக்காரங்களுக்கு மூணு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்பாய். மறுநாள் அந்த மூன்று பெயர்களும் மார்க்கர் பேனாவில் பழப்பெட்டி அட்டையில் எழுதப்பட்டு உன் கடையில் தொங்கும். பழம் வாங்க வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துப்போவார்கள். அவற்றில் பாதி நான் உனக்கு எப்போதோ சொன்ன புத்தகங்கள்.

"போன வருஷமே சொன்னேனேடி இந்தப் புத்தகத்த!"

"சொன்னேதான். ஆனா அவர் சொன்ன மாதிரி சொல்லல லா."

அதற்குப் பிறகு ஒரு மாதம் உனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நீ அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பிறகு அந்தச் சிங்கப்பூர் எழுத்தாளர் வருவதாக ஆனது. அவருடைய நாவலை நான் நான்கு தடவை படித்தவள். வேலை முடிந்து குளிர்ந்த கையோடு அதைத் தொட்டாலே எனக்கு யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். புதன்கிழமை நீ போன் செய்தாய்.

"அந்த அக்கா வர்றாங்கடி! நேத்து ஒரு மணி நேரம் போன்லே பேசினோம். 'நீங்க ரொம்ப நல்ல வாசகி'ன்னு சொன்னாங்க!"

நல்ல வாசகி. அந்தச் சொல்லை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்கமாட்டேன். உனக்குப் பொய்யாக ஒரு பாராட்டு கிடைத்ததற்காக இல்லை. அதே சொல்லை அதே வாயிலிருந்து கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். உனக்கு அது சும்மா கிடைத்தது. நீ அதைப் பழத்தோடு பழமாகக் கொறித்துக்கொண்டிருந்தாய்.

அன்று உட்கார்ந்து ஒன்பது கேள்விகள் எழுதினேன். ஐந்தாவது கேள்வி இது: "தம்பியைக் கடைசியில் ஏன் சாகடித்தீர்கள்? அவன் உயிரோடு திரும்பியிருந்தால் கதையின் கனம் குறைந்திருக்குமா?" தம்பி சாகமாட்டான். அது எனக்குத் தெரியும். நீ கடைசிப் பக்கம்வரை போகமாட்டாய் என்பதும் தெரியும். நல்ல வாசகி எவ்வளவு படித்திருக்கிறாள் என்று அந்த அக்கா பார்க்கட்டும் என்று நினைத்தேன். எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது. வெள்ளிக்கிழமையே நோட்டை உன் கடைக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு வேனில் வரும்போது நீ மீதிக் கதையைக் கேட்கவில்லை; எனக்கும் அது வசதியாகப் போயிற்று. மாடியில் முப்பது பேருக்கு மேல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைகூடத் தெரியாத மூடுபனி. நான்கு கேள்விகள் மணியாகப் போயின. ஐந்தாவதற்கு வந்ததும் நீ நோட்டைப் பார்த்தாய். பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய். ஒரு வாய் தே குடித்தாய். பிறகு கேட்டாய், ஒரு எழுத்து மாறாமல்.

அந்த அக்கா முகத்தைச் சுருக்கினார். "தம்பி சாகலியேம்மா. வீட்டுக்கு வந்துடறானே."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முதல் தடவை இனித்தது. அடுத்த நொடியே உன்னைப் பார்க்க முடியாமல் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினேன்.

நீ நோட்டை மூடி மடியில் வைத்தாய். "அப்படியாக்கா? அப்ப நான்தான் தப்பா படிச்சிட்டேன். மன்னிச்சிருங்க. ஒரு உண்மைய சொல்லிடறேன். மூணு வருஷமா இந்த நாற்காலியிலே உக்காந்து நான் கேட்டது ஒண்ணும் என்னோடது இல்ல. அதோ பின்னால தே கிளாஸ வெச்சிக்கிட்டு நிக்கிறாளே, எல்லாம் அவ எழுதினது. நல்ல வாசகி அவதான்கா. நான் வெறும் வாய் லா."

முப்பது தலைகளும் திரும்பின. அந்த அக்கா எழுந்தேவிட்டார். "அப்ப அவங்க இங்க வரட்டும்."

நான் நகரவில்லை. நீயே வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, முழங்கையால் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாய். நாற்காலி உன் சூட்டோடு இருந்தது. நோட்டைத் திறக்க எனக்குப் பயம். மனதில் இருந்ததைக் கேட்டேன். "அக்கா, அந்த அம்மா ஒரு நாள்கூட கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதில்ல. எந்த இடத்திலயும் நீங்க காரணம் சொல்லல. தம்பிக்காகவா?"

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இத யாராவது கேப்பாங்கன்னு நாலு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

நாற்பது நிமிடம் பேசினோம். ஒருமுறைகூட என் நாக்கு இடறவில்லை. நான் ஆசைப்பட்டது அத்தனையும் ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. உனக்குக் குழி வெட்டிய கையால் அதை வாங்கிக்கொண்டேன்.

வேனில் திரும்பும்போது அணைக்கட்டுத் தண்ணீர் பக்கம் வந்ததும் நீ கேட்டாய்: "சந்தோஷமா?"

"ம்."

"அப்ப சரி. அடுத்த மாசத்திலேருந்து நீயே உக்காரு. எனக்கு இடுப்பு வலிக்குது."

அவ்வளவுதான். அதைப் பற்றி நீ பிறகு பேசவே இல்லை. நீ ஏமாந்துபோய், ஏமாந்தது தெரியாமல் பெருந்தன்மையாக நடந்துகொண்டாய் என்று நினைத்தேன். அந்த எண்ணம் எனக்கு வசதியாகவும் இருந்தது, தாங்கமுடியாமலும் இருந்தது. அதுவரை உன் குரல்மேல் இருந்த பொறாமை அன்றிலிருந்து உன் மனசுமேல் ஏறிக்கொண்டது. குரல் இல்லாவிட்டால் கேள்வி எழுதிச் சமாளிக்கலாம். அந்த மாதிரி மனசுக்கு நான் எங்கே போவேன்? நான் நாற்காலியில் உட்கார்ந்தபிறகும் சந்திப்பு முடிந்ததும் எல்லோரும் பின்னால் தே ஊற்றுகிற உன்னைச் சுற்றித்தான் நின்றார்கள்.

போன வருடம் நீ நோயில் விழுந்தபோது, ஈப்போ ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீ மெலிந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாய். வாயைத் திறப்பதற்குள், "இப்ப என்ன படிக்கிறே?" என்று கேட்டாய். புதிதாக வந்த ஒரு நாவலைச் சொன்னேன். கதையைச் சொல்லச் சொன்னாய். பாதியில் கையை உயர்த்தினாய். "முடிவ மட்டும் சொல்லாதடி. நான் படிச்சிக்கிறேன்." பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் நீ இல்லை.

பெட்டி வந்த அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணே, அந்தச் சிங்கப்பூர் நாவல அவ எப்ப படிச்சா?"

"அந்த அம்மா வந்த வாரந்தான். கடையிலே யாவாரத்தகூட பாக்காம படிச்சா. சனிக்கிழமை உன் நோட்ட பக்கத்திலே வெச்சிக்கிட்டு முடிச்சா. முடிச்சிட்டு ஒரே சிரிப்பு. என்னடின்னு கேட்டேன். 'இவள மேடையிலே ஏத்த இதவிட நல்ல சான்ஸ் கிடைக்காது'ன்னா. எனக்கு ஒண்ணும் புரியலம்மா."

எனக்குப் புரிந்தது. ஆனால் முழுக்க நம்பவும் முடியவில்லை. என்னை மேடையேற்றத்தான் கேட்டாயா, அல்லது கள்ளியை ஊர் முன்னால் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று ஒரு துளி ஆசையாவது உனக்கு இருந்ததா? இருந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்த ஒரு துளி இருந்தால் நாம் இரண்டு பேரும் கொஞ்சமாவது ஒரே ஜாதி.

இன்று மத்தியானம் சந்திப்பு. கோலாலம்பூரிலிருந்து முதல் நாவல் எழுதிய ஒரு தம்பி வந்திருந்தார். பேசி முடித்து, மூன்று புத்தகமும் சொல்லிவிட்டு, "யூடியூப்லே உங்க பழைய சந்திப்பு வீடியோவ எல்லாம் பாத்திருக்கேன்கா. அந்தச் சிங்கப்பூர் எழுத்தாளர் வந்தப்ப ஒரு தப்பான கேள்வி வருமே..." என்றார்.

"அது தப்பில்ல தம்பி. நான் வேணும்னே எழுதினது" என்றேன்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல வாசகி என்ற சொல் என்னை எரித்தது, ஐந்தாவது கேள்வி, நீ சனிக்கிழமையே முடிவைப் படித்திருந்தது, தெரிந்தும் கேட்டது, எல்லாம். இதற்குமேல் இந்த மாடிக்கு யாரும் வரமாட்டார்கள், வரவேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

முதலில் பாய்தான் படிக்கட்டிலிருந்து பேசினார். "அந்தப் புள்ள அப்படித்தான்மா." பிறகு ஒரு டீச்சர், தனக்கு நீ பழத்தோடு ஒரு நாவலையும் பையில் போட்டுக் கொடுத்ததைச் சொன்னார். இன்னொருவர் உன் சிரிப்பைச் சொன்னார். நாவல் எழுதிய தம்பி, "அவங்கள நேர்ல பாக்கக் கொடுத்து வைக்கலயே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. என்னைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை. யாரோ கைதட்டத் தொடங்க, மாடி முழுக்கத் தட்டியது.

துரோகம் செய்தவள் நான். ஊரறிய ஒப்புக்கொண்டவளும் நான். கைதட்டல் உனக்கு. நானும் தட்டினேன். வயிறு எரிய எரிய, எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன்.